அப்புச்சியின் சண்டைக்காலம்: நோட்டிலா, ஒலியிலா, வீடியோவிலா?

“போர்க்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் அம்மாயி” என்று என் அம்மாவின் அம்மாவிடம் கேட்டேன். “எந்தப் போர் சாமி? தட்டுப்போரா?” என்று திருப்பிக் கேட்டார். தப்பு என்னுடையது. எங்கள் கொங்குப் பக்கத்தில் களத்துமேட்டில் சோளத்தட்டை அடுக்கி வைத்தால் அது போர். தோட்டத்தில் ஆயிரம் அடிக்குத் துளை போட்டுத் தண்ணீர் தேடினால் அதுவும் போர். உலகப்போர் என்பது பள்ளிக்கூடத்துச் சொல். அந்தத் தலைமுறையின் வாயில் அது வெறும் ‘சண்டை’தான்: ஜப்பான்காரன் சண்டை, ஜெர்மன்காரன் சண்டை. “சண்டைக் காலத்தில் உங்களுக்குச் சேலைத்துணி கிடைத்ததுங்களா?” என்று கேள்வியை மாற்றிப் போட்டேன். அம்மாயி முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

அந்த முக்கால் மணி நேரம் எதிலும் பதிவாகவில்லை. என் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது.

சண்டை 1939 செப்டம்பரில் தொடங்கி 1945இல் முடிந்தது. 1934இல் பிறந்த அப்புச்சிக்கு, அதாவது என் அம்மாவின் அப்பாவுக்கு, அது தொடங்கும்போது 5 வயது, முடியும்போது 11. அம்மாயி அவரைவிட மூன்று வயது இளையவர். நான்கைந்து வயதுக்கு முந்தையது யாருக்கும் பெரிதாக நினைவில் நிற்பதில்லை. ஆகவே அந்தக் காலத்தைத் தன் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர் இன்று குறைந்தது 85 வயதுக்காரர். அவர்களிடம் தெம்போடு உட்காரக் கிடைக்கும் மதியங்கள் எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்? நோட்டில் எழுத வைப்பது, வீடியோ எடுப்பது, ஒலியைப் பதிவது என்று எங்கள் வீட்டில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். இரண்டில் நன்றாகச் சறுக்கினோம். அதே நிலையில் இருக்கும் பேரன் பேத்திகளுக்கு உதவுமே என்று, எங்கே சறுக்கியது, எது கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நோட்டு. அப்புச்சி பண்ணையக் கணக்கை அறுபது வருடம் தன் கையாலேயே எழுதியவர். எருவண்டி எத்தனை, பருத்தி எத்தனை மணங்கு, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று எல்லாம் நூல் பிடித்த கையெழுத்தில் இருக்கும். இவர் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று 200 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. முதல் வரியே பள்ளிக்கூடக் கட்டுரையின் முதல் வரி. காந்தியடிகள், வெள்ளையர் ஆட்சி, தேசபக்தி என்று போய்க்கொண்டே இருந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டவில்லை. பேனாவைப் பிடித்ததும் அவருக்குள் இருந்த பழைய வாத்தியார் பயம் எழுந்துவிட்டது போலிருக்கிறது. பேச்சில் இருக்கும் அப்புச்சி வேறு, எழுத்தில் இருக்கும் அப்புச்சி வேறு.

இருந்தாலும் நோட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பதினோரு பக்கத்தில் ஒன்று, பக்கத்து ஊர்களில் யார் எந்த வருடம் பட்டாளத்துக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்ற பட்டியல். பேச்சில் அந்த வரிசை ஒருபோதும் வந்திருக்காது. காது மந்தமாகிவிட்டவர்களுக்கு நோட்டுதான் கண்ணியமான வழி, ஏனென்றால் ஒவ்வொரு கேள்வியையும் நாம் கத்திக் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியராகவோ தபால் துறையிலோ கணக்கு வேலையிலோ இருந்தவர்கள், இரவில் தூக்கம் வராதவர்கள், நான்கு பேர் முன் பேசக் கூச்சப்படுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எழுதி முடித்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். கரையான் நம்மைவிட வேகமாக வாசிக்கும்.

ஆனால் நோட்டை மட்டும் நம்பினால் வீட்டின் பாதிக் கதை போய்விடும். இங்கிலாந்தில் 2003 முதல் 2006 வரை பிபிசி பொதுமக்களின் இரண்டாம் உலகப்போர் நினைவுகளைத் திரட்டியபோது ஏறத்தாழ 47,000 கதைகள் சேர்ந்தன. பெரும்பாலும் எழுத்து வடிவம்தான். கணினி பழக்கமில்லாத முதியவர்களுக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள். எல்லோரும் பள்ளிக்குப் போன நாட்டில் அது நடக்கும். எங்கள் அம்மாயி தலைமுறைப் பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்துத் திண்ணையே வாய்க்கவில்லை. எழுதியதுதான் நினைவு என்று வைத்துக்கொண்டால் கொங்கு நாட்டின் சண்டைக்காலம் முழுக்க ஆண்களின் காலமாகிவிடும். ரேசன் வரிசையில் நின்றவர்கள், எண்ணெய் இல்லாத விளக்கை ஏற்றியவர்கள், கிழிந்த சேலையை இரண்டாக்கிக் கட்டியவர்கள் யாருக்கும் அதில் இடமிருக்காது.

அடுத்தது வீடியோ. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் என் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்காலி, விளக்கு, சட்டையில் குத்தும் மைக் எல்லாவற்றோடும் வந்து இறங்கினான். அப்புச்சி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்தார். பக்கத்துத் தோட்டத்து ஒறம்பரை எல்லாம் வாசலில் கூடிவிட்டது. அம்மாயி காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனவர் திரும்பி வரவே இல்லை. அப்புச்சி நாற்பது நிமிடம் மேடைப் பேச்சுப் பேசினார். நோட்டில் எழுதியதே வாயால் வந்தது.

மச்சான் விளக்கை அணைத்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அப்புச்சி கரி பஸ் கதையை எடுத்தார். சண்டையில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்களின் பின்புறத்தில் உலை ஒன்றைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் ஒருவர் பின்னால் நின்று துருத்திச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்புச்சி எழுந்து நின்று சக்கரம் சுற்றிக் காட்டினார், இருமினார், கண்ணைக் கசக்கினார், கண்டக்டர் போலவே சத்தம் போட்டார். வெள்ளைச் சட்டை கசங்கிவிட்டது. கேமரா பெட்டிக்குள் இருந்தது.

வீடியோவின் பலமும் பலவீனமும் அந்த ஒரு மதியத்திலேயே தெரிந்துவிட்டன. முகமும் கையும் பேசும் விஷயத்துக்கு அதை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை. ஆனால் விளக்கும் கூட்டமும் சேர்ந்தால் மனிதர் கல்யாண வீட்டுப் பெரியவராக மாறிவிடுகிறார். இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. போனில் நல்ல தரத்தில் எடுக்கும் வீடியோ ஒரு மணி நேரத்துக்குப் பல ஜிபி இடத்தைப் பிடிக்கும். இடம் போதாமல் போனால் மூன்று மாதத்தில் யாரோ ஒருவர் எதையோ அழிப்பார். அதே ஒரு மணி நேர ஒலிப்பதிவு எம்பி3 வடிவில் சுமார் 60 எம்பிக்குள் அடங்கும்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது வீடியோ ஐந்து நிமிட வேலைதான். கையில் பொருள் இருந்தால் மட்டும் எடுக்கிறோம். ஓட்டைக் காலணா என்றால் நடுவில் துளையுள்ள அந்தச் செம்புக்காசை அப்புச்சி விரலில் மாட்டிக் காட்டுவது. சண்டையில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1943இலிருந்து அப்படி அடித்தார்கள். சிறுபிள்ளைகள் அதை அரைஞாணில் கோத்துக்கொண்டு திரிந்தார்களாம். அடுத்தது, பழைய போட்டோவில் இருப்பவர்களை விரல் வைத்து அடையாளம் சொல்வது. அம்மாயி ஆமணக்கெண்ணெய் விளக்குக்குத் திரி திரிப்பது. அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தையும் வீட்டுப் பிள்ளை ஒன்று போனிலேயே எடுக்க வேண்டும். மச்சானைக் கூப்பிடக் கூடாது. (அவன் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வான். பரவாயில்லை.)

மூன்றாவது ஒலி. நான் ஏறத்தாழ முழுக்க இதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கடலைக்காய் உரிக்கும் மதியம் ஒன்றில் போனை முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அனுமதி கேட்காமல் இல்லை. “இதில் உங்கள் பேச்சு பதிவாகிறதுங்க அம்மாயி” என்று சொல்லித்தான் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அவர் அதை மறந்துவிட்டார். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக ஓடும் என்பது நம் பெண்களுக்குப் புதிதல்ல. அன்றைக்கு வந்த கதை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சுற்றிலும் மில்கள். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின, சண்டையில் அவை இரவு பகலாக ஓடின. அந்த நாட்டிலேயே கட்டத் துணி இல்லை! 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தறிக்காரர்களுக்கு நூல் கிடைக்கவில்லை. கிடைத்த நூல் கள்ளச்சந்தையில் ஓடியது. அம்மாயியின் ஆத்தா ஒரே சேலையை இரவில் துவைத்து, காற்றில் ஆறப்போட்டு, கிழக்கு வெளுப்பதற்குள் கட்டிக்கொள்வாராம். பிள்ளைகள் அந்த நேரத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. “நான் ஒரு நாள் திறந்துவிட்டேன்” என்று சொல்லி அம்மாயி கடலைக்காயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இதை நோட்டும் வாங்கியிருக்காது, விளக்கும் வாங்கியிருக்காது.

ஒலியின் பெரிய குறை, கை காட்டுவது பதிவாகாது. “களி உருண்டை இம்புட்டு இருக்கும்” என்றால் எவ்வளவு என்று நாளைக்குக் கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர் “தேங்காய் அளவு இருக்குமுங்களா?” என்று வாயால் கேட்டுவிட வேண்டும். பேசுவது யார், என்ன தேதி, எந்த ஊர், யார் வீடு என்பதையும் தொடக்கத்திலேயே நாமே சொல்லிவிட வேண்டும். மேலே சுழலும் மின்விசிறி, அடுத்த வீட்டு மிக்ஸி, போனுக்கு வரும் அழைப்பு மூன்றும் எதிரிகள். ஒன்றை அணைக்கலாம், ஒன்றைப் பொறுக்கலாம், மூன்றாவதுக்கு ஏரோபிளேன் மோடு இருக்கிறது. போன், பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தால் போதும்.

ஒலியை விடக் கூடாது என்று நான் அடம்பிடிப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது நம் மொழிக்குள் இருக்கிறது. 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, கோவைக்குப் பக்கத்திலுள்ள சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அப்புச்சியின் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரமில்லை என்றாலும் தூரமும் இல்லை. நோட்டில் அவர் எழுதியது: “சூலூரில் தீ எரிந்தது. வானம் சிவந்தது.” ஒலிப்பதிவில் அவர் சொன்னது: “சூலூரில் தீ எரிந்ததாம். வானமே சிவந்துவிட்டதாம். ஐயன் (அப்பா) திண்ணையில் நின்று பார்த்தார். நான் தூங்கிவிட்டேன்.” அந்த ஒற்றை ‘ஆம்’ எவ்வளவு நேர்மையானது! பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று தமிழ் பேசுகிறவர் யோசிக்காமலே பிரித்துச் சொல்லிவிடுகிறார். எழுதும்போது அந்த வால் உதிர்ந்துவிடுகிறது. நாம் சுருக்கி எழுதினால் கட்டாயம் உதிரும். பிறகு பேரப்பிள்ளைகள் ‘எங்கள் அப்புச்சி கண்ணால் பார்த்தார்’ என்று சொல்லித் திரிவார்கள்.

நினைவு குழம்பும் என்பதும் உண்மைதான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துப்பாக்கிச்சூட்டைச் சண்டைக்காலக் கதையாகச் சொன்னார். விசாரித்துப் பார்த்தால் அது 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பொள்ளாச்சியில் நடந்தது. அந்த இடத்திலேயே “இல்லைங்க, அது அறுபத்தைந்து” என்று திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. பேச விட்டுவிட்டு, நம் குறிப்பில் எழுதிக்கொண்டால் போதும். ஆண்டைக் கேட்பதே வீண் வேலை. “அப்போது உங்கள் தம்பி பிறந்துவிட்டாரா?”, “கிணற்றில் தண்ணீர் இருந்ததா, கவலை ஓடியதா?”, “சென்னையில் குண்டு விழும் என்று பயந்து யாராவது ஊருக்கு வந்து தங்கினார்களா?” என்று கேட்டால் ஆண்டு தானாக விழும். கடைசிக் கேள்வி 1942 ஏப்ரலைச் சுட்டும். சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்து, ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னை பாதி காலியானது. மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு வந்தவர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கேயும் உண்டு. பர்மா அரிசி நின்றுபோனதும் அந்த வருடம்தான். “எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, நெல்லுச்சோறு நோம்பிக்குத்தானே” என்கிறார் அம்மாயி. கம்பும் சோளமும் ராகியும் தின்ற ஊர்களில் பஞ்சம் துணியிலும் மண்ணெண்ணெயிலும்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

கருவியைவிடக் கேட்கிற ஆள் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. என் மாமன், அதாவது அவர்களுடைய மகன், கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கதையும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். “அதுதான் அன்றைக்கே சொன்னீர்களே” என்று பாதியில் வெட்டிவிடுவார். நான் கொஞ்சம் மேல். எல்லோரையும்விட மேல் என் 12 வயது மகள். காலணா என்றால் என்ன, ரேசன் கார்டு அப்போதும் இருந்ததா, கவலை என்றால் மனக்கவலையா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒன்றும் தெரியாதவள் கேட்டதால் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. மாடு இறங்கி ஏறித் தோல்பறியில் தண்ணீர் இறைத்த கவலைக்கு மட்டும் இருபது நிமிடம் பதிவாகியிருக்கிறது.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்புச்சி திருத்துவார், அம்மாயி “ஆமாங்க” என்று நிறுத்திவிடுவார். ஆனால் அக்கா தங்கையைச் சேர்த்தால் நேர்மாறு. மாரியம்மன் நோம்பிக்குச் சின்ன அம்மாயி வந்திருந்தபோது இருவரும் எந்த வருடம் யார் வீட்டு எருமை செத்தது என்று சண்டை பிடித்ததில் மூன்று வருடக் கதை வெளியே வந்தது.

எல்லாக் கதையும் கரி பஸ் போலச் சிரிப்பதில்லை. எதிர் வீட்டுத் தாத்தா மலேயாத் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பானியர் 1942, 43இல் சயாம் முதல் பர்மா வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலேயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். எண்ணற்றவர்கள் திரும்பவில்லை. தாத்தா தன் ஐயன் லாரியில் ஏறிய காலைவரை சொல்வார். அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். நான் போனை அணைத்துவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனேன், அவரும் கூட வந்தார்.

அதைவிடக் கவனம் வேண்டிய வீடுகளும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. பவானிசாகர் போன்ற இடங்களில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்பவர்களுக்குப் போர் என்பது எண்பது வருடத்துக்கு முந்தைய ரேசன் கதையல்ல. அங்கே சொல்கிறவரின் பெயர், ஊர், உறவினர் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாத காரணங்கள் இருக்கலாம். எங்கள் அப்புச்சி கதையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவதும் அவர்கள் கதையைப் போடுவதும் ஒன்றல்ல. அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் எல்லைக்குள் வைப்பதே சரி.

பதிவு செய்ததை எழுத்தாக்குவதா, அப்படியே விடுவதா? ஒரு மணி நேர ஒலியைக் கேட்டு எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. போனிலுள்ள குரல் தட்டச்சு செய்தித்தமிழுக்குச் சுமாராக வரும். அம்மாயி பேச்சுக்குக் கையை விரித்துவிடும். என் தம்பி ஒரு பகுதியை எழுத்தாக்கித் தந்தான். நோம்பி திருவிழா ஆகியிருந்தது, ஒறம்பரை உறவினர் ஆகியிருந்தது, வட்டல் தட்டாகவும் போசி பாத்திரமாகவும் மாறியிருந்தன. படித்தால் யாரோ ஒரு டீச்சர் பேசுவதுபோல இருந்தது. இப்போது முழுதாக எழுத்தாக்குவதை விட்டுவிட்டேன். எந்த நிமிடத்தில் எந்தக் கதை என்று மட்டும் ஒரு தாளில் குறிக்கிறேன்: 12ஆவது நிமிடம் மண்ணெண்ணெய், 31ஆவது நிமிடம் சேலை. மிக நல்ல பகுதிகளை மட்டும், அவர்கள் சொற்களை மாற்றாமல், எழுதிக்கொள்கிறேன்.

பத்திரப்படுத்துவதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பதிவுகள் பழைய போனோடு போயின. மாற்றும்போது எல்லாம் வந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், ஆவணமாக அனுப்பினால்தான் அப்படியே போகும். இப்போது ஒவ்வொரு பதிவும் என் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கோவையில் இருக்கும் தம்பி வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. கோப்பின் பெயரிலேயே தேதியும் ஆளும் இருக்கும்.

இன்றைக்கு ஒருவர் என்னிடம் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், பெரியவர் எழுதுகிறவராகவோ காது கேளாதவராகவோ இருந்தால் நோட்டு, மற்ற எல்லோருக்கும் ஒலி, பொருளோ போட்டோவோ கையில் வந்தால் ஐந்து நிமிட வீடியோ என்பேன். அப்புச்சிக்கு மட்டும் நோட்டும் தொடர்கிறது. பன்னிரண்டாவது பக்கத்தில் காந்தியடிகளை விட்டு இறங்கி, பட்டாளத்துக்குப் போன யாரோ ஒருவர் கொண்டுவந்த டின் பால் ருசியைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்.

அம்மாயியின் மண்ணெண்ணெய்க் கதை 12ஆவது நிமிடத்தில் தொடங்கியது. நடுவில் ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியதால் பாதியில் நிற்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் அரை மூட்டை கடலைக்காய் உரிக்க வேண்டியிருக்கிறது.